கீழடுக்குச் சோப்புத்தூள்

அந்தப் பாக்கெட் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக் பை, பச்சை எழுத்தில் ஒரு கடையின் பெயர், அதற்குக் கீழே சலவைத்தூள் என்று ஒரே ஒரு வார்த்தை. பூப்படம் கிடையாது, வெள்ளைச் சட்டையில் குதிக்கிற குழந்தை கிடையாது. ஒரு மூலையைக் கத்தரித்து, துணி காயப்போடுகிற கிளிப்பால் வாயைக் கவ்வி, விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வாஷிங் மெஷினை ஒட்டி அதை வைத்திருப்பார் என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திண்டிவனத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவருக்கு வேலை. அந்தக் கடைக்காரர்கள் தங்கள் பெயரையே அச்சடித்து விற்கிற தூள் அது, விளம்பரத்தில் வருகிற தூளில் பாதி விலைதான் இருக்கும். போன வாரம் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர், “அந்த மாதிரி கடைத் தூளெல்லாம் வாங்கலாமா மிஸ், துணியக் கெடுத்துடாது?” என்று கேட்டார். தாராளமாக வாங்கலாம், ஒரு ஸ்பூனுக்கு மேல் போடாதீர்கள், இரண்டு தடவை நன்றாக அலசுங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது போதும், எனக்குத்தான் போதவில்லை. அந்தத் தூளைப் பற்றி எனக்குத் தெரிந்த மிச்சத்தை ஆசிரியர் அறையில் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் மாமனாருக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் சொந்த நிலம் உண்டு. கரும்பும் நெல்லும் போட்டு, இரண்டு பிள்ளைகளின் படிப்புக்காக விழுப்புரத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர். மூத்தவர் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அக்காவின் ஊர் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமம். கிறிஸ்தவக் குடும்பம், அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், வீடு காலனியில். காலனி என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மாமனார் இரண்டு வருஷம் மூத்த பிள்ளையோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மாமியார் இறந்தபோது காரியத்துக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வருஷம் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மூத்த மருமகள் யார் என்று விசாரித்துவிட்டு என் வீட்டில் தயங்கினார்கள். நான்தான் இந்தக் காலத்தில் இதையெல்லாமா பார்ப்பீர்கள் என்று சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன். அறிவியல் டீச்சர் ஆயிற்றே, அப்படிப்பட்டவள் நான் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

வீட்டில் சமையல் என் பொறுப்பு, துணி அக்கா பொறுப்பு. இப்படிப் பிரித்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் துவைப்பதென்றாலே அலுப்பு, அதனால் அந்த ஏற்பாடு எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. சமையற்கட்டுக்குள் அக்கா ஏன் தண்ணீர் குடிக்க மட்டும் வருகிறார், அடுப்புப் பக்கம் ஏன் வருவதில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு நேரமில்லை என்று அன்றைக்குச் சொல்லியிருப்பேன். யோசிக்க வேண்டாம் என்று விட்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

துணி விஷயத்தில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்களுடையது இரண்டு தொட்டி வைத்த பழைய மாடல் மெஷின். ஒரு தொட்டியில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும், அலசுவது நம் கை வேலை. கோடையில் போர் தண்ணீர் சன்னமாக வரும் என்பதால் ஒரே சோப்புத் தண்ணீரில் மூன்று நடை போடுவார். முதல் நடை வெள்ளை, அதில் மாமனாரின் வேட்டிகளும் என் கணவரின் பனியன்களும் அக்காவின் வெள்ளைத் துப்பட்டாவும் ஒன்றாகச் சுற்றும். அடுத்து வெளிர் நிறம், கடைசியில் கருநீலம், சிவப்பு, மிதியடி. யாருடைய துணி என்ற கணக்கே கிடையாது, என்ன நிறம் என்பதுதான் கணக்கு. மூன்று நடையும் முடிந்ததும் அந்தத் தண்ணீரை வீணாக்காமல் பக்கெட்டில் பிடித்து வாசலையும் கழுவிவிடுவார். வெயிலில் வேட்டி காய்வதைப் பார்த்தால் எனக்கே ஒருமுறை கட்டிப் பார்க்கலாமா என்று இருக்கும்.

எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சரியான உப்புத் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், வெந்நீர் போடுகிற கம்பியில் சுண்ணாம்பு ஓடு ஓடாகப் பெயரும். அதில் எந்தத் தூளைப் போட்டாலும் சுலபத்தில் நுரைக்காது. அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஒரு எவர்சில்வர் கரண்டி வைத்திருந்தார், தலைதட்டி ஒன்று, அவ்வளவுதான். “நொரையப் பாத்து அழுக்குப் போறதில்லம்மா, ஊற வெச்சாப் போவும்” என்பார். அவருக்குக் காலை ஷிஃப்ட் வருகிற நாட்களில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். அன்றைக்கெல்லாம் துணியை நிறம் பார்த்துப் பிரித்து, தூளை அளந்து ஒரு தம்ளரில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். மெஷினைப் போட்டு அலசிக் காயப்போடுவது மட்டும் என் வேலை. செருப்பை மாட்டிக்கொண்டே “ரெண்டு தடவ அலசிடும்மா, மறந்துறாத” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நான் தலையை ஆட்டுவேன், பள்ளிக்கு நேரமாகிவிடும், ஒரு முக்குதான் முக்குவேன். தூளும் எனக்குத் திருப்தியாக இருக்காது. மெஷினுக்குள் எட்டிப் பார்த்தால் நுரையே இருக்காது. மலிவுத் தூள் வேறு என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டு பாக்கெட்டின் கிளிப்பை எடுத்துவிட்டு இன்னும் மூன்று கரண்டி அள்ளிப் போடுவேன். இதை அக்காவிடம் சொன்னதில்லை.

அந்தத் தூளை நான் கிண்டல் செய்யாத நாளில்லை. வாசனையே இல்லையே, துவைத்த துணியா, நனைத்த துணியா என்று கேட்பேன். அக்கா சிரித்துக்கொண்டே கடைக் கதை சொல்வார். கடையில் அடுக்கு நிரப்புவதுதான் அவருடைய வேலை. நம் கண் உயரத்தில் இருக்கிற தட்டு பெரிய கம்பெனிக்காரர்களுக்கு. அந்த இடத்துக்காகக் கடைக்குத் தனியாகக் காசு கொடுப்பார்களாம். கடைத்தூளுக்குக் கால் முட்டி உயரத்தில் கடைசித் தட்டு. “எங்க கடைக்கு வர்றவங்க யாரும் குனிய மாட்டாங்க. நிமிந்த மேனிக்குக் கைக்கு ஆப்புட்டதை எடுத்துக்கினு பில்லு போடப் பூடுவாங்க. வாசனைக்கும் படத்துக்கும்தாம்மா மீதிக் காசு. அழுக்கு எடுக்கிற சரக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான்.” அப்படிச் சொல்வதற்காக அவருக்கு யாரும் எதுவும் தந்ததில்லை. இரண்டு தூளையும் மாதக்கணக்கில் துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். ஆனால் நான் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் டீச்சரின் புடவையில் ரோஜா வாசனை வரும், என் புடவையில் வராது. அது எனக்குக் குறையாகவே இருந்தது.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு கோடையில் கழுத்திலும் இடுப்பிலும் முழங்கை மடிப்பிலும் சிவப்பாகத் தடித்து, இரவும் பகலும் சொறிந்துகொண்டே இருந்தாள். சொறிந்து சொறிந்து ரத்தம் பார்த்துவிட்டாள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கும்போது கடைக்காரர், “சோப்புத்தூள் ஏதாவது ஒத்துக்கலையா பாருங்க” என்று பொதுவாகச் சொன்னார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே பெரிய கம்பெனித் தூள் ஒரு பாக்கெட்டும் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கூடையில் என்னுடைய, என் கணவருடைய, மகளுடைய அழுக்குத் துணிகளைப் போட்டு, மெஷினுக்கு இந்தப் பக்கம் வைத்தேன். அக்காவின் பழைய கூடை அந்தப் பக்கம்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அக்கா முகம் கழுவிவிட்டுப் படிக்குக் கீழே போனார்.

“இன்னாம்மா இது, புதுக் கூடை?”

“பாப்பாவுக்கு உங்க பவுடர் ஒத்துக்கலக்கா. இனிமே எங்க துணிய நான் தனியாப் போட்டுக்கிறேன்.”

அக்கா கூடையைப் பார்த்தார். “பாப்பா துணி மட்டுமா?”

“எல்லாம்தான். ஒட்டிக்கும்ல.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்னேன். தூள் ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “சரிம்மா” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். என் கணவரும் அப்படியே நினைத்தார். “தூள் விவகாரம்தானே” என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்கைந்து நாள் கழித்து மாமனார் தன் வேட்டி, துண்டு, பனியன் எல்லாவற்றையும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். அவர் அப்படித் துணியைக் கையில் தூக்கி நான் பார்த்ததே இல்லை. கழற்றிப் போட்ட இடத்திலிருந்து அக்காதான் பொறுக்கிக்கொள்வார். “எனக்கும் அந்தத் தூளு ஒத்துக்கல போலம்மா. ஒடம்பெல்லாம் அரிக்குது. இதையும் ஒன் துணியோட போட்ரு” என்றார். நான் அவர் கையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். வயலில் காய்ந்த தோல், ஒரு சின்னத் தடிப்பு இல்லை. வருஷக்கணக்காக அதே தூளில் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணம் கருமாதி எல்லாம் போய் வந்தவர். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. இத்தனை நாள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்த ஒன்றுக்கு நான் ஒரு நாகரிகமான காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். புரிந்தும் நான் அந்தத் துணியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். பார்த்தாயா, அவரே என் தூள்தான் நல்லது என்கிறார் என்று.

அதற்குப் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் தானாகவே நடந்தது. மெஷினில் முதலில் எங்கள் துணி என்று ஆயிற்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு அக்கா தன் துணிக்கு வேறு தண்ணீர் பிடித்தார். அப்புறம் மெஷினே வேண்டாம் என்று பின்பக்கக் கல்லில் கையால் துவைக்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, “இருக்கிறதே ரெண்டு பேரு துணி, அதுக்கு எதுக்கும்மா கரண்டு” என்றார். மாடியில் இரண்டு கொடி இருந்தது. முன்பெல்லாம் வெயில் எங்கே விழுகிறதோ அங்கே காயப்போடுவோம். இப்போது தெருப்பக்கக் கொடி எங்களுக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழல் விழுகிற கொடி அவருக்கு. அடுத்த வீட்டு அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “என்ன, இப்பத்தான் மாமனாருக்குப் புத்தி வந்துச்சா?” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. தூள் அலர்ஜிங்க என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தலையை ஆட்டினார்.

அந்த ஐப்பசியில் அக்காவும் மூத்தவரும் திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தினம் போக வர பஸ் பேஜாராக இருக்கிறது, கடைக்குப் பக்கமாகவே போய்விடுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். ஏழு வருஷமாக இல்லாத பேஜார். சாமான் ஏற்றின வண்டி கிளம்பும்போது மாமனார் வாசலுக்கு வந்து, “அடிக்கடி வந்து போங்க” என்றார். அக்கா என் மகளைத் தூக்கி அவள் கழுத்து மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். “தேவலயா?” என்று கேட்டார். தேவலைக்கா என்றேன். அது பொய். களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்பி வரும் என்ற நிலையில்தான் இருந்தது.

மார்கழியில் அது முன்பைவிட மோசமாக வந்தது. இந்தத் தடவை முதுகெல்லாம் திட்டுத் திட்டாக. அவள் துணியில் கடைத்தூள் பட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. ஆகவே வேறு வழியில்லாமல் ஊரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதான மனிதர், குழந்தையைவிட என்னைத்தான் அதிகம் கேள்வி கேட்டார்.

“துணிக்கு எவ்வளவு தூள் போடுறீங்க?”

“நுரை வர்ற வரைக்கும் சார்.”

“தண்ணி?”

“போர் தண்ணி. உப்பு.”

“எத்தனை தடவை அலசுவீங்க?”

“ஒரு தடவ...” என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்கம்மா?” என்றார். டீச்சர் என்றேன். என்ன பாடம் என்று கேட்டார். அறிவியல் என்றேன். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. கடின நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை இரண்டு தடவை எழுத வைக்கிறவள் நான். அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். “துவைச்சுக் காய்ஞ்ச டவல் ஒண்ணு எடுங்க. கேன் தண்ணிய ஒரு பக்கெட்ல ஊத்தி அதுல போட்டுக் கும்முங்க. என்ன வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரைக் கவிழ்த்தேன். கொடியிலிருந்து எடுத்த, ரோஜா வாசனை அடிக்கிற மகளின் துண்டை அதில் போட்டு நான்கு தடவை கும்மினேன். பக்கெட் முழுக்க நுரை. துவைத்து அலசிக் காய்ந்த துண்டிலிருந்து அவ்வளவு நுரை. உப்புத் தண்ணீரில் நுரை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நான் அள்ளிக் கொட்டிய தூளெல்லாம் துணியிலேயே தங்கி, என் குழந்தையின் வியர்வையில் கரைந்து அவள் தோலைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறது. முதல் தடவை கடைத்தூள், இரண்டாவது தடவை கம்பெனித்தூள். இரண்டையும் கொட்டியது என் கை, இரண்டையும் ஒரே முக்கில் எடுத்துக் காயப்போட்டதும் என் கை. அக்கா அளந்து வைத்துவிட்டுப் போன ஒரு கரண்டியில் ஒரு தப்பும் இல்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையில் அக்கா விட்டுப்போன பாக்கெட்டில் பாதித் தூள் இருந்தது. கட்டி தட்டியிருந்ததை உடைத்து, தலைதட்டி ஒரு கரண்டி போட்டு, இரண்டு தடவை அலசினேன். துணி சுத்தமாகத்தான் வந்தது. காலர் அழுக்குக்கு முன்னாலேயே கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும், எண்ணெய்க் கறை இரண்டாம் தடவை துவைத்தால்தான் போகும். அதில் கம்பெனித்தூளும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. மூன்று வாரத்தில் மகளின் முதுகு பழையபடி ஆயிற்று. மாமனாரிடம் போய், “அக்கா வாங்கின தூள்ல தப்பில்ல மாமா, நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்” என்றேன். “அப்படியா” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அவங்க அங்க சௌகரியமாத்தான இருக்காங்க, இருக்கட்டும்” என்றார்.

உடனே கிளம்பிப் போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். பரீட்சை, பேப்பர் திருத்தல் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். போனில் சொல்ல இரண்டு தடவை எடுத்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். அக்கா அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார். ஒற்றை அறையும் சின்னச் சமையற்கட்டுமான வீடு, வெளியில் துவைக்கிற கல். மூத்தவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அக்கா வஞ்சிரம் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் சமைத்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் வகுப்பில் பாடம் நடத்துவது போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உப்புத் தண்ணீர், நுரை, நான் திருட்டுத்தனமாக அள்ளிப் போட்டது, டாக்டர் கேட்டது, கேன் தண்ணீரில் வந்த நுரை. கடைசியில், “உங்க பவுடர் மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன்க்கா. தப்பு அதுல இல்ல. என்னை மன்னிச்சிடுங்க” என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசானது. இனி அக்கா சிரிப்பார், அடிப் பைத்தியமே என்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

அக்கா அடுப்பைச் சிம்மில் வைத்தார். நிதானமாகத்தான் பேசினார், கோபமே இல்லை.

“பவுடரு நல்லதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, அதனால என்னாண்ட மன்னிப்புக் கேக்குற. சரி. அதுவே பவுடருதான் காரணம்னு அவரு சொல்லியிருந்தாரு, அப்ப நீ பண்ணது சரியாயிருக்குமா?”

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் வேலை பாக்குறது கடையிலம்மா. ஏழெட்டுத் தினுசு பவுடரு நாந்தான் தினம் அடுக்கிக்கினு இருந்தேன். அக்கா, பாப்பாவுக்கு இது ஒத்துக்கல, வேற வாங்கியாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே ஜல்தியா மாத்திக் கொண்டாந்திருக்க மாட்டனா? எம் புள்ள மாதிரிதான அதுவும்? நீ பவுடர மாத்தலியே. துணியத்தான பிரிச்ச.”

அவ்வளவு சின்ன விஷயம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே தூளாக வேறொன்று வாங்கியிருந்தால் முடிந்தது. மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்த பத்து நிமிஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியது கூடை. இந்தக் காலத்தில் இதையெல்லாமா பார்ப்பீர்கள் என்று பெற்றவர்களிடம் சண்டை போட்டவளுக்கு முதலில் தோன்றியது கூடைதான். மாமனாரைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் என் பின்னால்தான் வந்தார். எனக்கு அழுகை வந்தது. அக்கா தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை. அழுது முடிக்கிற வரை குழம்பைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, “எழுந்து கையக் கழுவு, பாப்பாவுக்குப் பசிக்கும்” என்றார். மீனில் முள் எடுத்து மகளுக்கு அவரே ஊட்டிவிட்டார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் வீட்டில் எல்லார் துணிக்கும் அந்தக் கடைத்தூள்தான். நீலக் கூடையைக் காய்கறிக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். வெள்ளை, வெளிர், அடர் என்று மூன்று நடை, மாமனார் வேட்டி முதல் நடையில். அவருக்கு எதுவும் அரிக்கவில்லை. அக்காவும் மூத்தவரும் தீபாவளிக்கு இல்லாவிட்டாலும் பொங்கலுக்கு வந்துவிடுவார்கள். அக்கா என்னிடம் நன்றாகப் பேசுகிறார், மகளுக்குக் கவுன் தைத்துக்கொண்டு வருகிறார். சமையற்கட்டுக்கு வந்து என்னோடு நின்று சமைக்கிறார், மாமனாரும் தட்டை நீட்டிச் சாப்பிடுகிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தார்கள். கிளம்புகிற அன்று காலை நான் மெஷினில் தண்ணீர் விட்டுவிட்டு, “உங்க துணியெல்லாம் குடுங்கக்கா, ஒண்ணாப் போட்டுடுறேன். மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்” என்றேன். போன வருஷமும் கேட்டேன், அதற்கு முந்தின தீபாவளிக்கும் கேட்டேன். “இருக்கட்டும்மா, ஊர்ல போயித் தொவைச்சிக்கிறேன்” என்றார், ஒவ்வொரு தடவையும் சொல்கிற அதே சிரிப்போடு. மூன்று நாள் உடுத்திய புடவை, மூத்தவரின் சட்டைகள், ஈரம் காயாத துண்டு எல்லாவற்றையும் மடித்து ஒரு கட்டைப்பையில் வைத்து அமுக்கினார். பை நன்றாகவே கனத்தது. நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று கேட்டதும் மறுக்காமல் கொடுத்தார். பஸ் நிலையம் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தேன்.